மாதிரிச் சதுரமும் மிச்ச நூலும்: சிட்லிங்கியின் லம்பாடிப் பூவேலை

குரோஷே பின்னலில் படுக்கையை மூடும் அளவுள்ள விரிப்பை ஒரே துண்டாகப் பின்னுவோர் உண்டு என்றாலும், உள்ளங்கை அகலத்தில் சதுரங்களாகவோ அறுகோணங்களாகவோ தனித்தனியே பின்னி, பிறகு அவற்றை ஓரத்தோடு ஓரம் சேர்த்து விரிப்பாக்கும் முறையே பரவலாகக் கையாளப்படுகிறது. மோட்டிஃப் எனப்படும் இச்சிறு அலகைப் பலவிதமாகப் பின்னிப் பார்ப்பதற்குத் தனியே சில நாட்களை ஒதுக்குவது, குறிப்பாக வீட்டில் சேர்ந்துபோன மிச்ச நூலைக் கொண்டு வேலையைத் தொடங்குவோருக்கு, தவிர்க்க முடியாதது. ஏனெனில் மிச்ச நூல் ஒரே தடிமனில் இருப்பதில்லை, ஒரே கொக்கி ஊசியால் ஒரே எண்ணிக்கையில் கண்ணிகள் போட்டாலும் மெல்லிய பருத்தி நூலில் பின்னிய சதுரம் ஒருபுறம் சிறுத்துநிற்க, தடித்த அக்ரிலிக் நூலில் பின்னியது இழுபட்டுப் பெருத்துவிடுகிறது, சிவப்பு நூல் முதல் அலசலிலேயே பக்கத்து வெள்ளையில் சாயமிறக்கிவிடவும் கூடும். ஒவ்வொரு பின்னலும் முடிந்ததும் கொக்கியில் ஒரே ஒரு கண்ணிதான் பிடிபட்டிருக்கும் என்பதால், பிடிக்காத மாதிரியின் நூல்முனையை இழுத்தால் அது முழுவதும் பிரிந்து மீண்டும் உருண்டையாகிவிடும். சோதனைக்கு நூல் வீணாவதில்லை என்பதே இக்கலையில் துணிச்சலான மாதிரிகள் பிறப்பதற்கு ஒரு காரணமாகலாம்.

இதே சிந்தனைமுறை தருமபுரி மாவட்டத்தில் கொக்கி ஊசிக்குப் பதிலாகத் தையலூசியின் வழியே இயங்குவதைச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் காணலாம். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே கிடக்கும் இப்பகுதியில் மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையினர். லம்பாடிகள் தாண்டா என்று வழங்கும் தங்கள் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். எருதுகளின் முதுகில் தானியமும் உப்பும் ஏற்றி, முகலாயப் படைகளுக்கு உணவு கொண்டுசேர்த்தபடி தக்காணத்துக்கு வந்த இச்சமூகத்தார், சாலையும் இரயிலும் அவ்வணிகத்தைப் பறித்தபின் வேளாண்மைக்கும் கூலிவேலைக்கும் மாறினர். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பட்டியல் பழங்குடியினராகவும் கர்நாடகத்தில் பட்டியல் சாதியினராகவும் இடம்பெற்றுள்ள இவர்கள், தமிழ்நாட்டில் அவ்விரண்டு பட்டியல்களிலும் இல்லை என்பது, எல்லைக்கோடு ஒரே மக்களை எப்படிப் பிரிக்கிறது என்பதற்குத் தெளிவான சான்று.

1993இல் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் மருத்துவர் லலிதா ரெஜியும் இங்கே தொடங்கிய ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற மருத்துவ நிறுவனம் நாளடைவில் இயற்கை வேளாண்மைக்கும் கைத்தொழிலுக்கும் துணைநின்றது. லம்பாடிப் பெண்கள் கண்ணாடியும் சோழியும் பதித்த பாவாடையையும் ரவிக்கையையும் விட்டுச் சேலைக்கு மாறிய பிறகு பூவேலைக்கு வீட்டில் தேவை இல்லாமற்போயிற்று. தேவை போனபின் கற்பிப்பாரும் குறைந்து, தையல் தெரிந்தோர் வயதானவர்களில் ஓரிருவர் மட்டுமே என்ற நிலை ஏற்பட்டது. 2006ஆம் ஆண்டளவில் அவர்களிடமிருந்தே இளைய பெண்கள் கற்கத் தொடங்கி, அம்முயற்சி பின்னர் பொர்கை என்னும் கைவினைஞர் சங்கமாக அமைந்தது. பெருமை என்னும் பொருள் தரும் லம்பாடிச் சொல் அது. திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் வெளியூர் போவதே வருமானத்துக்கு வழியாக இருந்த பள்ளத்தாக்கில், வீட்டுத் திண்ணையிலிருந்தே செய்யத்தக்க வேலை என்பது இதன் முதற்கவர்ச்சி.

இந்த மீட்பில் சிறு துண்டின் பங்கு பெரிது. லம்பாடித் தையலுக்கு வரைபடப் புத்தகமோ, அச்சிட்ட கட்டத்தாளோ பழைய வழக்கில் இல்லை; பல தையல்களில் துணியின் இழைகளைக் கண்ணால் எண்ணியே ஊசி இறங்குகிறது, ஆகவே தைத்த துண்டே பாடம், அதுவே அளவுகோல், அடுத்தவருக்குக் காட்டத்தக்க ஒரே ஆவணமும் அதுதான். ஒரு தையலைக் கேட்டறிய முற்படுவோருக்குப் பெரும்பாலும் சொல்விளக்கம் கிடைப்பதில்லை, துணி ஓரத்தில் நாலைந்து குத்துகளே விடையாக வருகின்றன. விவரிப்பதைவிடச் செய்துகாட்டுவதே துல்லியமானது என்பதால், இதை எழுத்தறிவின் குறையாகக் கொள்வது பிழையாகும்.

இழையெண்ணித் தைக்கும் முறையில் துணியே பாதி வடிவமைப்பாளர். நீளவாக்கில் ஓடும் பாவிழையும் குறுக்கே ஓடும் ஊடையிழையும் ஓர் அங்குலத்துக்குச் சம எண்ணிக்கையில் இருந்தால் மட்டுமே பத்துக்குப் பத்து இழை எண்ணித் தைத்த கட்டம் சதுரமாக அமையும்; ஊடை தளர்வாக இருந்தால் அதே எண்ணிக்கை நீள்சதுரமாகிவிடும், ஆலையில் நெய்த நெருக்கமான துணியிலோ இழையைப் பிரித்தறியவே கண் திணறும். இதனால் புதுத் துணிச்சுருள் வந்தவுடன் அதன் வெட்டுத்துண்டில் ஒரு மாதிரி தைத்துப் பார்ப்பது, குரோஷே பின்னுவோர் புது நூலில் ஒரு சதுரம் பின்னிப் பார்ப்பதற்கு நிகரான செயலாகிறது. ஒரு வேறுபாடு மட்டும் கடுமையானது: பின்னலைப் பிரித்தால் நூல் முழுசாக மீளும், தையலைப் பிரித்தாலோ துணியில் துளைகள் தங்கும், இழுத்த நூல் மயிர்விட்டு மறுமுறைக்கு உதவாமற்போகும். ஆகவே லம்பாடித் தையற்காரர் கொக்கி ஊசிக்காரரைவிடக் கஞ்சத்தனமாகவே சோதிக்க வேண்டியிருக்கிறது, மிச்ச நூலும் வெட்டுத்துண்டும் அவருக்குக் கூடுதல் மதிப்புடையவையாகின்றன. பள்ளத்தாக்கின் உழவர்கள் இயற்கை முறையில் விளைவித்த பருத்தியும் தாவரச் சாயமும் பயன்படத் தொடங்கியபின் இம்மதிப்பு மேலும் உயர்ந்தது. தாவரச் சாயத்தில் ஒரு தொட்டியின் நீலம் அடுத்த தொட்டியில் அப்படியே வராது, தீர்ந்த நிறத்தைக் கடையில் கேட்டு வாங்கவும் இயலாது.

கர்நாடகத்தின் சண்டூரில் இதே மரபு 2010இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே கிலன், வேலே, பக்யா, மகி, கான்ஸ், ரேலோ, நக்ரா என நீளும் தையற்பெயர்கள் பட்டியலாகவே பதிவாகியுள்ளன. பதிவு பயனுள்ளதே. எனினும் பெயர்ப்பட்டியல் மாதிரித் துண்டுக்கு ஈடாகாது என்பதைத் தாண்டாவில் ஒரு பிற்பகல் உட்கார்ந்து பார்ப்போர் எளிதில் உணர்வர்.

மாதிரி யார் கையில் இருக்கிறது என்பதே கைவினையில் அதிகாரத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு ஆந்திரத்தின் நரசாபூர் சான்றாக அமைகிறது. கிறித்தவ மறைபரப்பாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் கற்பித்த குரோஷே லேஸ் அங்கே பெருந்தொழிலாக வளர்ந்து 2024இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வுநூல் காட்டும் அமைப்பில், சிறு பூக்களைப் பின்னுவோர் ஒருவர், அவற்றைச் சேர்த்துத் துண்டாக்குவோர் வேறொருவர், நூலும் மாதிரியும் சந்தையும் வணிகரிடம். வீட்டில் ஓய்வுநேரத்தில் செய்வது என்று பெயர் சூட்டப்பட்டதாலேயே நாள் முழுதும் செய்த உழைப்பு கூலிக் கணக்கில் சிறுத்துப்போனது. மோட்டிஃப் முறையின் வசதி, அதாவது துண்டுதுண்டாகப் பிரிக்க முடிவது, அங்கே சுரண்டலின் வசதியாகவும் மாறியது. அதே முறை வேறுவிதமாகவும் செயல்படும்: 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியா'ஸ் குரோஷே க்வீன்ஸ் குழுவினர் தனித்தனியே பின்னிய துண்டுகளைச் சேர்த்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள விரிப்பை அமைத்துக் கின்னஸ் சாதனை படைத்தனர். அங்கே பின்னியோர் கூலிக்காகப் பின்னவில்லை. ஆகவே அது தொழிலாளர் நிலைக்கு உவமையாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சிட்லிங்கிப் பெண்களின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. சங்கம் அவர்களுடையது, மாதிரித் துண்டும் அவர்கள் மடியில்தான் பிறக்கிறது. ஆனால் பையும் மெத்தை உறையும் சுவர்த்தொங்கலும் கேட்பவர் நகரத்தில் இருக்கிறார், அவர் ஒரே அளவில், ஒரே நிறத்தில் பல உருப்படிகளைக் கேட்பதே இயல்பு. அப்படிப்பட்ட ஆர்டரில் மிச்ச நூலுக்கு இடமில்லை, முதல் துண்டை மட்டும் சோதித்துவிட்டு ஏனையவற்றை நகலெடுக்க வேண்டியதுதான். இதற்கு மாறாக, ஒவ்வொன்றும் சற்று வேறுபட்ட சிறு சதுரங்களை இணைத்த விரிப்பு என்ற பொருள் இத்தொழிலுக்கு மிகவும் ஏற்றது: மிச்ச நூல் செலவாகும், தொட்டிக்குத் தொட்டி மாறும் சாயம் குறையாகத் தெரியாது, கற்றுக்கொள்பவரின் கையும் தேர்ந்தவரின் கையும் ஒரே விரிப்பில் இடம்பெறலாம். விலையைக் கணக்கிடும்போது தையல் நேரத்தோடு மாதிரி தைத்துக் கைவிட்ட நேரத்தையும் சேர்க்க வேண்டியிருக்கும். கைவினைப் பொருட்களின் விலைக்கணக்கில் அந்த நேரத்துக்குப் பெரும்பாலும் தனி இடம் இருப்பதில்லை.