வரைபடத்தில் விட்டுப்போன சதுரம்

பேனல் போர்டுக் கதவில் உட்காரும் மீட்டரின் முகம் 96 மில்லிமீட்டர் சதுரம். அதற்கு வெட்ட வேண்டிய கட்-அவுட் 92. பக்கத்துக்கு இரண்டே மில்லிமீட்டரைத்தான் மீட்டரின் விளிம்பு மூடும். பிளேடு அதையும் தாண்டி வழுக்கினால் கதவையே மாற்ற வேண்டியதுதான்.

பொத்தேரியில் நான் போய் உட்கார்ந்திருந்த பட்டறைக்கு இதுதான் பிழைப்பு. புதுக் கதவுகள் இங்கே வருவதில்லை, அவற்றுக்கு சி.என்.சி. பஞ்சிலோ லேசரிலோ முன்பே ஓட்டை விழுந்துவிடும். பவுடர் கோட்டிங் முடிந்து, பிரேக்கர் மாட்டி, வயரிங்கும் இழுத்த பிறகு, “இன்னொரு மீட்டர் வேணுமே” என்று மறைமலை நகர்ப் பக்கமிருந்து போன் வரும். கிரைண்டர் போட்டால் பொறி பறந்து பெயின்ட் கருகும்; வட்டச் சக்கரம் மூலையில் நிற்காமல் கோட்டைத் தாண்டும். மிச்சம் ஜிக்சாதான். வரைபடம் போட்டவரின் மறதியில்தான் இங்கே அடுப்பு எரிகிறது.

அன்று குட்டி யானையில் ஒரு பேனல் வந்து இறங்கியிருந்தது. மாஸ்டர் கதவு ஓரத்தில் வெர்னியரை வைத்தார். 1.6 மில்லிமீட்டர், 16 கேஜ்.

“கேஜ் தெரியாம பிளேடைத் தொடக் கூடாது சார். பல்லு பெருசா இருந்தா வெட்டாது, மாட்டிக்கும். இழுத்தா பல்லு போயிடும்.”

இரும்புத் தகட்டுக்கென்று அவர் வைத்திருந்தவை எல்லாம் டி118 வரிசை. போஷின் குறியீடு அது. மற்ற கம்பெனிகள் பலவும் அதையே அச்சடிக்கின்றன. ‘ஜி’ என்றால் பல்லுக்குப் பல் 0.8 மில்லிமீட்டர், அரையிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர்த் தகட்டுக்கு. ‘ஏ’ 1.2, ஒன்றிலிருந்து மூன்று வரை. ‘பி’ 2, இரண்டரையிலிருந்து ஆறு வரை. அவர் ‘ஏ’ எடுத்தார்.

இதில் எனக்கு ஒரு சந்தேகம். எப்போதும் இரண்டு மூன்று பல்லாவது தகட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 1.6 தகட்டில் ‘ஏ’ பிளேடுக்கு ஒன்றரைப் பல்கூடத் தேறாதே? பிளேடின் விளிம்பை வெளிச்சத்தில் காட்டினார். மர பிளேடு போல ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் சாயாமல், பற்கள் கூட்டம் கூட்டமாக அலைபோல நெளிந்திருந்தன. அதனால் ஒவ்வொரு பல்லும் கொஞ்சமாகத்தான் கடிக்கிறது. விதி கொஞ்சம் தளர்ந்தாலும் வேலை நடக்கிறது.

குறியீட்டின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் பைமெட்டல்: வளைந்து கொடுக்கும் முதுகு, பல்லில் மட்டும் ஹைஸ்பீடு ஸ்டீல். சாதா எச்.எஸ்.எஸ். முழுக்கக் கடினம், சற்றுக் கோணினாலும் முறியும். டேபிளில் படுக்கவைத்து வெட்டச் சாதாவே போதும் என்கிறார். நிற்கிற கதவுக்கு, விலை கூடினாலும், எஃப்தான். எனக்கும் அது சரியென்றே பட்டது.

வெட்டுவதைவிடப் பின்பக்கத்தை மூடத்தான் நேரம் பிடித்தது. ஒரு துளி இரும்புத்தூள் பஸ்பாரில் விழுந்தாலும் பிறகு ஷார்ட் ஆகலாம். அட்டை, துணி, டேப், கீழே ஒரு காந்தம். கோட்டின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, மூலைகளில் டிரில் போட்டு, பெண்டுலம் லீவரைப் பூஜ்யத்தில் வைத்து, வேகத்தைக் குறைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தொடங்கினார். பிளேடு மேலே ஏறும்போதுதான் வெட்டும். அடித்தட்டைத் தகட்டோடு அழுத்திப் பிடிக்காவிட்டால் தகடு படபடவென்று அடிக்கும். 1946-இல் சுவிட்சர்லாந்தின் சின்டில்லா கம்பெனிப் பொறியாளர் ஆல்பர்ட் காஃப்மன், தையல் மிஷினில் ஊசிக்குப் பதிலாக ரம்பத்தை மாட்டிப் பார்த்ததில் பிறந்த கருவி என்பார்கள். அந்த ஓசையைக் கேட்டால் நம்பத் தோன்றுகிறது.

நடுவில் சத்தம் கிறீச்சென்று மாறியது. உடனே நிறுத்தினார். பிளேடுக்குச் சூடுதான் எமன். வேகம் கூடினால் புது பிளேடும் சில அங்குலத்தில் மழுங்கிவிடும். ஸ்டெயின்லெஸ் இன்னும் மோசம்: வெட்டாமல் உரசினால் உரசிய இடமே இறுகிப்போகும். அந்தக் கதவுகளை அவர் பெரும்பாலும் ஏற்பதில்லை.

கட்-அவுட் முடிந்து அரம் போடும்போது, எஸ்.ஆர்.எம். மாணவர் ஒருவர் 4 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டோடு வந்தார். “அண்ணா, இதே பிளேடுல போட்டுத் தர முடியுமா?”

“இது அடைச்சுக்கும் தம்பி. அலுமினியம் பல்லு இடுக்குல ஒட்டிக்கும்.” 3 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள டி127டி-யைத் தேடி எடுத்தார். “இதுல போட்டுரலாம். கடையில ஒரு மெழுகுவத்தி மட்டும் வாங்கிட்டு வா, பிளேடுல தேய்க்கணும்.”