பைரவரிடம் ஒப்படைத்த சாவி

சிவாலயங்களில் அர்த்தஜாம பூஜை நிறைவுற்று நடை சாத்திய பின், கோயில் சாவிக்கொத்தைப் பைரவர் சந்நிதியில் வைத்துவிட்டுச் செல்லும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. க்ஷேத்திரபாலர் என்ற திருநாமமே அந்தக் காவல் தொழிலைக் குறிப்பது. இந்த வழக்கத்தில் நான் கவனித்த ஒன்று உண்டு. பைரவரிடம் ஒப்படைக்கப்படுவது பூட்டிய கதவின் சாவி. கதவைத் திறந்து போட்டுவிட்டு, 'ஸ்வாமி பார்த்துக்கொள்வார்' என்று எந்த அர்ச்சகரும் வீடு திரும்புவதில்லை.

வங்கியில் 34 ஆண்டுகள் பணியாற்றியவன் நான். ஆகவே சாவி என்றால் எனக்குச் சற்றுக் கூடுதலான அக்கறை. எங்கள் பணப்பெட்டக அறையை எந்த அலுவலரும் தனியாகத் திறக்க இயலாது. இருவரிடமுள்ள சாவிகளும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். மாற்றுச் சாவிகள் அதே கிளையில் இருப்பதில்லை. அரக்கு முத்திரையிட்ட உறையில் வேறொரு கிளையின் பொறுப்பில் இருக்கும். ஒருமுறை பெட்டகத்தைப் பழுதுபார்க்க வந்த பொறியாளரிடம், "இதை உடைக்கவே முடியாதல்லவா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "உடைக்க முடியாத பெட்டகம்னு ஒண்ணு கிடையாது சார். எத்தனை நிமிஷம் தாங்கும்கிறதுதான் கணக்கு" என்றார். அந்தச் சொல் ஓய்வுபெற்ற பிறகு வேறொரு விதத்தில் எனக்குப் பயன்படும் என்று அன்று எண்ணவில்லை.

எங்களிடம் இருப்பது 2003-ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800. வங்கியின் ஊழியர் கடனில் வாங்கியது. பதினைந்து ஆண்டுப் பதிவு முடிந்து, 2018-லும் 2023-லும் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தாகிவிட்டது. வாயுமைந்தனின் திருநாமம் தாங்கிய வண்டி என்பதில் என் மனைவிக்குத் தனி மகிழ்ச்சி. பிரதோஷத்தன்று ஓசூர் மலைமேல் சந்திரசூடேசுவரரையும் மரகதாம்பிகையையும் தரிசிக்கவும், தேய்பிறை அஷ்டமியில் தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டைக் காலபைரவரைச் சேவிக்கவும் இந்த வண்டியே எங்களுக்குக் கால்கள். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி அம்மையார் தம் கையால் ஹர்பால் சிங் என்பவரிடம் வழங்கினார். அவர் 2010-இல் மறையும் வரை அந்தக் காரை விற்கவேயில்லை. அந்த மனிதரின் மனம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

"இந்த டப்பாவை எவன் சார் திருடப் போறான்?" என்று எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் தம் காரைக் காட்டி அடிக்கடி சொல்வார். அவருடையதும் ஏறக்குறைய என் காரின் வயதே. மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி விடியலில் அது காணாமற் போனது. நான்கரை மணியளவில் கார் கிளம்பும் ஓசை கேட்டதாக இரண்டு வீட்டார் பிறகு சொன்னார்கள். ஒருவரும் எழுந்து பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிப்காட் வந்த நாளிலிருந்தே ஓசூர் மூன்று ஷிப்டுகளில் இயங்கும் ஊர். நள்ளிரவிலும் கம்பெனிப் பேருந்து வரும். விடியற்காலையில் யாராவது வண்டியை எடுப்பார்கள். கிராமத்தில் அகாலத்தில் ஒரு கார் கிளம்பினால் பத்துத் தலைகள் எட்டிப் பார்க்கும். இங்கே அது அன்றாட ஓசை.

கார் இன்றுவரை கிடைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவரைப் பார்த்தபோது சொன்னார்: "வண்டி போனதைக்கூட விடுங்க சார். எங்க வீட்டம்மா இந்த மாசம் பிரதோஷத்துக்கு வரலை. ஆட்டோ பிடிச்சிட்டு வரேன்னேன். ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்கலை, நீங்க போயிட்டு வாங்கன்னுட்டா." காருக்குச் சந்தையில் முப்பதாயிரம் கிடைத்திருந்தால் அதிகம். அந்த அம்மையார் இழந்ததற்கு விலைப்பட்டியல் கிடையாது.

பழைய காரை யாரும் திருடமாட்டார்கள் என்பது நம் வயதினரிடையே பரவியுள்ள தவறான எண்ணம். உண்மையில் அதுதான் எளிய இரை. புதிய காரின் சாவித் தலைக்குள் ஒரு சிறு சில்லு இருக்கிறது. வண்டியின் கணினி அந்தச் சில்லை அடையாளம் கண்டால்தான் என்ஜின் உயிர்பெறும். இம்மொபிலைசர் என்பது இதுவே. ஐரோப்பிய நாடுகளில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. எங்கள் காரில் அது கிடையாது. ஸ்டீயரிங் கீழுள்ள பூட்டைத் திருப்பினால் போதும். அந்தப் பூட்டுக்குள் இருக்கும் சிறு பித்தளைத் தகடுகள் இருபது ஆண்டுகளில் தேய்ந்து போகின்றன. ஒருவர் மாருதியின் சாவி மற்றொருவர் மாருதியைத் திறந்த கதையைக் கேளாதவர் நம்மில் குறைவு. போதாக்குறைக்கு, மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. அம்பாசிடர் அதே ஆண்டு மே மாதம். புதிதாக வராத வண்டியின் கதவும் கியர்பெட்டியும் பழைய உறுப்புகளாகத்தானே கிடைக்க வேண்டும்? முழுக் காருக்கு இல்லாத மதிப்பு பிரித்த காருக்கு உண்டு.

தில்லியில் தனிராம் மிட்டல் என்று ஒருவர் இருந்தார். சட்டம் படித்தவர். கார் திருட்டுக்காகவே நாடறிந்தவர். 2016-இல் மீண்டும் கைதானபோது அவருக்கு வயது 77. நம்மில் பலர் அந்த வயதில் இரு சக்கர வாகனத்தையே ஓட்டத் தயங்குகிறோம்!

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி தெரிந்திருக்கும். அங்கே ஹூண்டாய், கியா நிறுவனங்களின் 2011 முதல் 2021 வரையிலான பல கார்களில் இம்மொபிலைசர் வைக்கப்படவில்லை. அவற்றைக் கிளப்பும் விதத்தைச் சிறுவர்கள் காணொளிகளில் பரப்ப, 2022-இல் பல நகரங்களில் திருட்டுப் பெருகியது. அப்போது காவல் துறையினர் வழியாக உரிமையாளர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது என்ன தெரியுமா? ஸ்டீயரிங்கில் குறுக்கே மாட்டும் இரும்புப் பூட்டு. நம் ஊர் உதிரிபாகக் கடையில் தொங்குமே, அதேதான்.

இந்த இடத்தில்தான் அந்தப் பொறியாளரின் நிமிடக் கணக்கு எனக்கு நினைவுக்கு வந்தது. தலைமை ஆசிரியரின் கார் போன அதே வாரத்தில் எங்கள் மெக்கானிக்கை அழைத்து இரண்டு வேலைகள் செய்தேன். ஒன்று, தரையோடு போல்ட் வைத்து இறுக்கும் கியர் லாக். மற்றொன்று, பெட்ரோல் பம்புக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு மறைவான ஸ்விட்ச். அது எங்கே இருக்கிறது என்பது எனக்கும் மனைவிக்கும் மெக்கானிக்குக்கும் மட்டுமே தெரியும். ஸ்விட்சை அணைத்துவிட்டால், திருடன் கிளப்பினாலும் குழாயில் எஞ்சிய பெட்ரோலில் வண்டி சிறிது தூரம் போய் நின்றுவிடும். சிம் கார்டு போட்டு ஒளித்து வைக்கும் ஜி.பி.எஸ். கருவியும் கிடைக்கிறது. அதற்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால் அது வெறும் பெட்டி. அதனால்தான் இரும்பையே முதலில் நம்பினேன். கியர் லாக் வாங்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: குனிந்து பூட்டும்போது இடுப்புப் பிடிக்காத வகையைப் பார்த்து வாங்குங்கள். சிரமமான பூட்டைப் பத்து நாளுக்குப் பிறகு யாரும் பூட்டுவதில்லை.

நம் போன்றோருக்கு மிகுந்த ஆபத்து நேரும் இடம் இரவுத் தெரு மட்டுமன்று, கோயில் வாசலும்தான். மனைவியைப் படிக்கட்டருகே இறக்கிவிட வேண்டும். அவருக்குக் கை கொடுக்க வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், சாவி வண்டியிலேயே தொங்கும். அந்த அரை நிமிடம் போதும். சாவியை வண்டியிலேயே விட்டதால் திருடுபோனால் காப்பீட்டுத் தொகையிலும் வெட்டு விழலாம். இறங்கும்போது சாவியும் கையோடு இறங்க வேண்டும். "நீங்க போங்க ஐயா, நான் ஓரமா நிறுத்தித் தரேன்" என்று முன்பின் அறியாதவர் சொன்னால், நன்றி கூறிவிட்டு நாமே நிறுத்துவது நலம். டாஷ்போர்டுப் பிள்ளையாரையும் சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் வண்டியிலும் பிள்ளையார் இருக்கிறார். ஆனால் திருட வருபவனும் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பான்.

காப்பீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சட்டப்படி கட்டாயமானது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. அது நம் காரால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும். நம் கார் திருடுபோனால் ஒரு ரூபாயும் வராது. பழைய காருக்கு இது போதும் என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகிறோம். தலைமை ஆசிரியரிடம் இருந்ததும் அதுவே. திருட்டுக்கும் ஈடு வேண்டுமென்றால் முழுமையான பாலிசி எடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளைக் கடந்த காரின் மதிப்பை நிறுவனமும் நாமும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். அவர்கள் முதலில் சொல்லும் தொகைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. இழப்பீடு கோரும்போது இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். வங்கிப் பழக்கம் விடாததால், எங்கள் இரண்டாவது சாவி மகள் வீட்டில் இருக்கிறது.

எல்லையோர ஊரில் வாழ்பவர்க்கு நேரம் மிக முக்கியம். ஓசூரிலிருந்து ஜூஜுவாடி, அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகம். பாகலூர் வழியாக மாலூர் போகலாம், தளி வழியாகவும் எல்லையைக் கடக்கலாம். கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டாலோ சென்னை, சேலம், திருவண்ணாமலை, குப்பம் என்று நாலாபுறமும் சாலைகள். 'உறவினர் யாராவது எடுத்துச் சென்றிருப்பார்களோ' என்று காலை பத்து மணி வரை தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்தால், வண்டி மூன்றாவது மாநிலத்தில் இருக்கும். உடனே 100 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும். வெளியூர்க் கோயிலில் கார் காணாமற்போனால் எந்தக் காவல் நிலையம் என்று குழம்ப வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்தின்படி, குற்றம் எந்த எல்லையில் நிகழ்ந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே தெரிவிப்பது நல்லது. எனினும், காவல் துறையில் உடனடியாகப் புகார் செய்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டுமே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. கைப்பேசிக்கு வரும் ஃபாஸ்டாக் குறுஞ்செய்திகளையும் பாருங்கள். திருடன் அந்த வில்லையைக் கிழிக்க மறந்து சுங்கச்சாவடியைக் கடந்தால், வண்டி போன திசை தெரிந்துவிடும்.

ஆர்.சி.யின் அசலைக் காரில் வைக்காதீர்கள். டிஜிலாக்கரில் உள்ள மின்னணுப் பிரதியை நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஏற்றித் தருவார்கள். சாலைச் சோதனையில் அது செல்லும்.

கடைசியாக, வாகனக் கடன் பிரிவில் இருந்த காலத்துப் பழக்கம் ஒன்று. சேசிஸ் எண் காரின் உடலில் அச்சாகப் பதிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே தாளில் எழும். கடன் கோப்பில் இந்தப் பென்சில் பிரதி இல்லாமல் நாங்கள் பணம் தரமாட்டோம். எண் பலகையை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். இந்த எண்ணை அழிப்பது அவ்வளவு எளிதன்று. வேறு மாநிலத்தில் கார் அகப்பட்டால் இது உங்களுடையதுதான் என்று காட்ட அந்தத் தாள் உதவும். எங்கள் காரின் பிரதி பூஜை அலமாரியில் ஆர்.சி.யோடு ஒரே உறையில் இருக்கிறது. சென்ற ஞாயிறு காலை, கேட்டுக்கொண்டதன் பேரில் தெருவில் மூன்று வீட்டுக் கார்களுக்கு இதை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றில் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து எண்ணையே மூடியிருந்தன. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அரை மணி நேரம் துடைத்த பிறகே கடைசி நான்கு இலக்கங்கள் தெரிந்தன.