புல்லன்ஹூசர் டாம் பள்ளிக்கூடம்

ஆன்சைட் போற நம்மாளுங்க ஹாம்பர்க்னா துறைமுகத்துல நாலு போட்டோ எடுத்துப் போட்டு முடிச்சுடுவாங்க. நானும் எடுத்தேன். ஆனா லீவுல எட்டயபுரம் வந்த பிறகும் மனசுல நிக்கிறது, அங்கே ரோதன்பர்க்ஸோர்ட் பகுதியில இருக்கிற ஒரு பழைய பள்ளிக்கூடம்தான்.

1944 நவம்பர்ல ஆஷ்விட்ஸ்ல இருந்து 20 யூதக் குழந்தைகளை ஹாம்பர்க் பக்கம் நொய்யன்காம முகாமுக்குக் கொண்டு வந்தாங்க. 10 பையன், 10 பொண்ணு. வயசு 5ல இருந்து 12. கூர்ட் ஹைஸ்மையர்னு ஒரு டாக்டர் அவங்க உடம்புல காசநோய்க் கிருமியை ஏத்தி சோதனை பண்ணினார். 1945 ஏப்ரல்ல பிரிட்டிஷ் படை நெருங்கிடுச்சு. தடயம் இருக்கக் கூடாதே! 20ஆம் தேதி ராத்திரி இந்தப் பள்ளிக்கூட நிலவறைக்குக் கொண்டுபோய் அத்தனை குழந்தைகளையும் தூக்குல போட்டுட்டாங்க. கூட இருந்து பாத்துக்கிட்ட கைதிகள் 4 பேரு, அதுபோக சோவியத் கைதிகள் 24 பேராவது அதே ராத்திரி செத்தாங்க.

இதை விட என்னை உலுக்கினது அதுக்கப்புறம் நடந்தது. 1948ல அதே கட்டடத்துல மறுபடி பள்ளிக்கூடம் ஆரம்பிச்சுட்டாங்க. கீழே நிலவறை, மேலே வாய்ப்பாடு! அந்த டாக்டர் 1963 வரைக்கும் மக்டெபர்க்ல நிம்மதியா வைத்தியம் பாத்துட்டு இருந்தார்.

1970களோட கடைசியில குந்தர் ஷ்வார்பெர்க்னு ஒரு பத்திரிகையாளர்தான் ஒவ்வொரு பேரா தேடி, நாடு நாடா சொந்தக்காரங்களைக் கண்டுபிடிச்சார். 1980ல நினைவிடம் வந்துச்சு. இப்போ உள்ளே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சூட்கேஸ் வச்சிருக்காங்க. திறந்தா அந்தக் குழந்தையோட கதை.

அம்மாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "ஏய்யா, அந்தப் புள்ளைகளப் பெத்தவளுக்கு எப்பத் தெரிஞ்சிச்சாம்?"னு கேட்டாங்க. பெத்தவங்க பாதிப் பேரு முகாம்லயே செத்தாச்சு, மிச்ச சொந்தங்கள்ல பலருக்கு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சும்மா-ன்னேன்.

அப்போ நம்ம கீழ்வெண்மணி ஞாபகம் வந்துச்சு. 1968 டிசம்பர் 25, குடிசையோட எரிஞ்சது 44 பேர். அந்த எண்ணிக்கை நமக்கு மனப்பாடம். பேரு? என் இன்ஜினியரிங் செட்ல ஒருத்தனும் ஒண்ணு கூட சொல்லல. எனக்கும் தெரியாது. இனிமேதான் தேடிப் படிக்கணும்.

ஹாம்பர்க்ல இருக்கிற மக்கள் ஒரு ஞாயித்துக்கிழமை போய்ட்டு வாங்க. பின்னாடி ரோஜாத் தோட்டம் இருக்கு. யாரு வேணா செடி நடலாம்.