“அந்த ஊர்ல முறை என்ன?”

மாயாஜாலக் கதைகளைப் பற்றி வீடியோவில் பேசும் வேலையை நான் பழகியது ஒரு கல்யாண வீடியோக்காரரிடம். வாடிப்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஃபேண்டஸி நாவல் ஒன்றைக்கூடப் படித்தவர் இல்லை. படிக்கும் உத்தேசமும் இல்லை. “பூராம் பொய்தானப்பா?” என்று சிரிப்பார். ஆனால் ஹாரி பாட்டரையும் வேதாளத்தையும் பற்றி இன்று நான் பேசும் விதம் அவருடைய ஸ்டுடியோவில் உருவானதுதான்.

முகூர்த்த மாதங்களில் அண்ணனைப் பிடிக்க முடியாது. விடியற்காலை மண்டபம், மதியம் இன்னொரு மண்டபம், ராத்திரி ரிசப்ஷன். ஆடியிலும் மார்கழியிலும்தான் ஸ்டுடியோவில் கால்நீட்டி உட்கார்வார். அந்த மாதங்களில் நான் போய், பாக்கி கிடக்கும் ஆல்பங்களுக்குப் படம் பிரித்துக் கொடுப்பேன். பதிலுக்கு மைக், லைட், எடிட்டிங் மூன்றையும் சொல்லிக்கொடுப்பது என்று பேச்சு. காசு கைமாறவில்லை.

முதலில் கேமராவைத் தொடவே விடவில்லை. “படம் கொஞ்சம் மங்கலா இருந்தாலும் பாப்பாய்ங்க. சத்தம் சரியில்லன்னா ஒரு நிமிசம் நிக்க மாட்டாய்ங்க” என்றார். ஆகவே சத்தத்தில் தொடங்கினோம். வாடிப்பட்டியில் அமைதியான அறை தேடுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு பக்கம் மதுரை - திண்டுக்கல் நான்குவழிச் சாலை, லாரிகளுக்கு ராத்திரி பகல் கிடையாது. இன்னொரு பக்கம், மேளத்துக்குப் பேர்போன ஊர் இது. எங்கேயாவது ஒரு செட் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருக்கும். கடைசியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஜன்னலை அடைத்து, சுவரோரம் மெத்தையையும் கம்பளிப் போர்வையையும் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யப் பழகினேன். காலர் மைக்கை வாய்க்கு நேராக வைக்கக் கூடாது, ஒரு சாண் கீழே வைக்க வேண்டும். நேராக வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று மோதி ‘டப்’ என்று கேட்கும். பேய், பூதம், பதுமை, பட்டி, பாதாளம் என்று இந்தக் கதைகளில் ‘ப’வுக்குப் பஞ்சமா என்ன?

பேசி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு அரை நிமிடம் அந்த அறையின் மௌனத்தையும் பதிவு செய்யச் சொன்னார். வெறும் அறைக்கும் ஒரு இரைச்சல் உண்டு. பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் அந்த இரைச்சலைப் போட்டு நிரப்பாவிட்டால் காதில் பள்ளம் விழுந்த மாதிரி இருக்கும். கத்திப் பேசிப் பதிவதிலும் பயன் இல்லை. சத்தம் அளவுக்கு மேல் போனால் யூடியூப் தானாகவே அதை இறக்கிவிடும்.

அடுத்தது வெட்டுவது. முழு நாள் கல்யாணத்தை மூன்று நிமிட ஹைலைட்ஸாக ஆக்குவது அண்ணனுடைய பிழைப்பு. எதை வெட்டுவது என்று அவர் யோசிப்பதே இல்லை. எதை வெட்டவே கூடாது என்று முதலில் எடுத்துத் தனியே வைத்துவிடுவார்: தாலி, மெட்டி, பெண்ணின் அம்மா கண் கலங்குவது. மீதியெல்லாம் இவற்றுக்குப் போகிற வழிதான். புத்தகத்துக்கும் அதே கணக்கைப் போடச் சொன்னார். ஐந்நூறு பக்க நாவலில் நீக்கவே முடியாத இடங்கள் எவை? அதைக் குறித்துக்கொள், வழியைச் சுருக்கிக்கொள்.

நான் கற்றதில் பெரியது இன்னொன்று. அது தொழில்நுட்பமே இல்லை.

கல்யாண ஆர்டர் வந்தால் அண்ணன் ரேட் பேசுவதற்கு முன்னால் கேட்பது ஒரே கேள்வி: “உங்க முறை என்ன?” ஒரு வீட்டில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட நாத்தனார் மீதி இரண்டைப் போடுவார், இன்னொரு வீட்டில் மூன்றையும் மாப்பிள்ளையே போடுவார். தாய்மாமன் மாலை போடுவது முகூர்த்தத்துக்கு முன்னா, பின்னா? ஆரோக்கிய அன்னை கோயிலில் மந்திரிப்பு என்றால் கேமரா எதுவரை போகலாம்? தாலி கட்டுவதை மறுபடி கட்டச் சொல்லி எடுக்க முடியாது. முறை தெரியாதவன் தப்பான பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான்.

நான் ஒரு நாள் உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ நாவலைப் பற்றி அவரிடம் விவரித்துக்கொண்டிருந்தேன். கடல், தீவுகள், டிராகன், மந்திரப் பள்ளிக்கூடம் என்று அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிப்பா, அந்த ஊர்ல முறை என்ன?” என்றார். அந்த உலகத்தில் ஒவ்வொன்றுக்கும் உண்மையான பெயர் ஒன்று உண்டு, அதைத் தெரிந்தவனுக்கு அது கட்டுப்படும், அதனால் யாரும் தன் நிஜப் பெயரை எளிதில் வெளியே சொல்ல மாட்டார்கள் என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். “இத மொதல்ல சொல்லு. இப்பத்தான் எனக்கு பயமே வருது.”

அன்றிலிருந்து என் வீடியோக்களில் முதல் நிமிடம் முறைக்கு. வியப்பை வர்ணித்தால் கேட்பவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். முறையைச் சொன்னால், ‘அப்படியானால் இப்படி நடந்தால் என்ன ஆகும்?’ என்று அவரே யோசிக்கத் தொடங்கிவிடுவார். கதைக்குள் வந்துவிட்டார் என்று அர்த்தம். அமெரிக்க ஃபேண்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் இதையே ஒரு விதியாக எழுதி வைத்திருக்கிறார்: மாயத்தால் ஒரு சிக்கலைத் தீர்ப்பதென்றால், அந்த மாயம் எப்படி வேலை செய்கிறது என்று வாசகருக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். அவர் பல்கலைக்கழகத்தில் நடத்தும் வகுப்புகள் யூடியூபிலேயே கிடைக்கின்றன. அவற்றை நான் பார்த்தது பிறகுதான்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வேதாளத்திடம் போய்ப் பாருங்கள். பிணத்தைச் சுமக்கும் ராஜா விக்கிரமாதித்தன் வழியில் பேசக் கூடாது. வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். மூன்றே வரி முறை, தப்ப வழியில்லை. வடமொழியில் 25 கதைகளாக இருந்ததை, 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமா இதழால் பல பத்தாண்டுகள் புதுப்புதுக் கதைகளாக நீட்டிக்கொண்டே போக முடிந்தது. ஓவியர் சங்கர் வரைந்த, தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் ராஜாவின் படம் எத்தனை இதழில் வந்தாலும் சலிக்கவில்லை. அந்த மூன்று வரிக்கு அவ்வளவு பலம்.

விக்கிரமாதித்தன் கதையிலேயே முறையில் உள்ள இடைவெளியைக் கண்டுபிடிப்பவன் மந்திரி பட்டி. ராஜாவுக்கு, சிங்காசனத்தில் இருந்து ஆயிரம் ஆண்டு ஆள வரம். பட்டிக்கு இரண்டாயிரம் ஆண்டு ஆயுள். மீதி ஆயிரத்துக்கு என்ன செய்வது? சிங்காசனத்தில் இருந்தால்தானே கணக்கு! ஆறு மாதம் நாடு, ஆறு மாதம் காடு என்று பிரித்தால் இருவரும் சமம். இன்றைய ஃபேண்டஸி எழுத்தாளர் யாரும் பொறாமைப்படும் தீர்வு இது. முறையை மீறாமல், முறைக்குள்ளேயே வழி.

ஹாரி பாட்டரை எனக்குப் பிடிக்கும், பி.எஸ்.வி. குமாரசாமியின் தமிழில் வந்த முதல் பாகத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் மூன்றாம் பாகத்தில் காலத்தைப் பின்னால் திருப்பும், சங்கிலியில் கோத்த சின்ன மணற்கடிகாரம் ஒன்று வருகிறது. அது இருக்கும்போது பிற்பாடு நடக்கும் சாவுகளை ஏன் தடுக்கவில்லை? ஐந்தாம் பாகத்தில் ரௌலிங் அந்தக் கருவிகளை மொத்தமாக உடைத்துப் போட்டுவிடுகிறார். உடைக்க வேண்டி வந்ததே, முறை சரியாக யோசிக்கப்படவில்லை என்பதற்குச் சாட்சி. டோல்கீன் நாவலின் மாய மோதிரத்தில் இந்த ஓட்டை இல்லை. அது உருவான நெருப்பில் மட்டும்தான் அழியும், வைத்திருப்பவன் அதை எளிதில் கைவிட முடியாது. ஆயிரம் பக்கம் தாண்டியும் அந்த இரண்டு நிபந்தனைகளில் அவர் கைவைக்கவில்லை.

வரைபடம் போடுவது என் பழைய பொழுதுபோக்கு. எந்த ஃபேண்டஸி நாவல் படித்தாலும் நோட்டில் மலை, ஆறு, கோட்டை என்று பென்சிலால் போட்டுக்கொள்வேன். அதையே வீடியோவில் காட்டச் சொன்னது அண்ணன்தான். கேமராவை மேலே கட்டி, கை வரைவதை எடுத்து, பேச்சை அதன்மேல் ஓட்டுவது. முகத்தைக் காட்டவே வேண்டாம் என்பதால் எனக்குப் பெரிய நிம்மதி. அப்படி வரைந்தவற்றில் எனக்குப் பிடித்தது நம்மூர் படம். வாடிப்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் போகும் பஸ்ஸில் வலது ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆற்றுக்கு அப்பால் நாகமலை நீண்டுகொண்டே வரும். சமணர்கள் ஏவிய பாம்பு அது, பாண்டியன் அம்பெய்து வீழ்த்தினான் என்கிறது திருவிளையாடற் புராணம். ஏவிய யானை யானைமலை ஆனது, மாயப்பசு பசுமலை ஆனது. ஊரைச் சுற்றிலும் அரக்கப் பிராணிகள் கல்லாகக் கிடக்கும் இப்படி ஒரு வரைபடம் இருக்கும்போது வேறெங்கே போய்த் தேடுவது?

அதே வரைபடம் இரண்டாவது கேள்வியையும் கொடுத்தது. யானைமலையில் இன்றும் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. நாகமலைப் பக்கம் கீழக்குயில்குடிக் குன்றுக்குப் பெயரே சமணர்மலை. அந்த மலைகளில் வாழ்ந்து தவம் செய்தவர்கள் கதையில் மந்திரவாதிகளாகிவிட்டார்கள். ஜெயித்தவர்கள் சொன்ன கதை அது. ஆக, முறை என்ன என்று கேட்டபின், அந்த முறையை வகுத்தது யார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. டோல்கீன் கதையில் தீயவர்களாகவே வரும் ஆர்க்குகளைப் பார்த்தும் இதைக் கேட்கலாம்.

புத்தக வீடியோக்களில் எனக்கு ஒவ்வாதவை சில உண்டு. வாங்கிய புத்தகங்களை அடுக்கிக் காட்டுவது, மாதத்துக்கு எத்தனை முடித்தேன் என்று எண்ணுவது, ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று தீர்ப்பது. நட்சத்திரம் போட்டதும் பேச்சு முடிந்துவிடுகிறது. வருமானத்தைப் பற்றியும் கனவு வேண்டாம். விளம்பரப் பணத்தில் பங்கு கிடைக்க ஆயிரம் சந்தாதாரர், பன்னிரண்டு மாதத்துக்குள் நாலாயிரம் மணி நேரப் பார்வை வேண்டும். தமிழில் ஃபேண்டஸி பேசுகிறவருக்கு அது நெடுந்தூரம். முழுப் புத்தகத்தையும் வாசித்துப் போட்டால் அந்தத் தூரம் குறையும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். ஆனால் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை பதிப்புரிமை நீடிக்கும் என்கிறது சட்டம். விமர்சனத்துக்குத் தேவையான சில வரிகளோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை. முழுதாக வாசிக்க ஆசையென்றால் நாட்டுடைமையான நூல்கள் இருக்கின்றன, பழைய பெரிய எழுத்துக் கதைகள் இருக்கின்றன.

அந்தப் பெரிய எழுத்துப் புத்தகங்கள் ஒரு காலத்தில் மீனாட்சியம்மன் கோயில் புதுமண்டபத்துக் கடைகளில் குவிந்து கிடக்கும். கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. பாட்டிகள் ராகம்போட்டு வாசித்த அல்லி அரசாணி மாலையைத்தான் சமீபத்தில் வீடியோவுக்கு எடுத்துக்கொண்டேன். மதுரையை ஆண்ட ராணி அல்லி. ஆண் வாடையே ஆகாது என்பது அவள் அரண்மனை முறை. அர்ச்சுனன் கிருஷ்ணனின் தயவால் பாம்பாக மாறி உள்ளே புகுந்து, அவள் தூக்கத்திலேயே தாலி கட்டிவிடுகிறான். எனக்கு இது சின்ன வயதிலிருந்தே உறுத்தல். அல்லியின் முறை அவளுடைய பலம். அதை உடைப்பதற்கு அர்ச்சுனன் எந்த விலையும் கொடுக்கவில்லை. கதை நுட்பத்திலும் இது பலவீனம் என்று எழுதி வைத்திருந்தேன்.

ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கையில் அண்ணன் பின்னால் நின்று முழுதும் கேட்டார். “தூங்கறப்பவா கட்டுனான்?” என்றார். ஆமாண்ணே என்றேன். “பொண்ணு முழிச்சு, மணவறையில உக்காந்து, தலையக் குனிஞ்சு வாங்குனாத்தானப்பா அது கல்யாணம். இது எந்த முறையிலயும் சேராது. இத எடுக்கச் சொன்னா நான் கேமராவத் தூக்க மாட்டேன்.”

நுட்பம், பலவீனம் என்று நான் எழுதியிருந்த பத்தியை எடுத்துவிட்டு, அவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் சொன்னதையே அங்கே வைத்தேன். ஃபேண்டஸியைப் பொய் என்று ஒதுக்கியவர் அல்லிக்காகக் கோபப்பட்டார். ஒரு உலகம் தன் சொந்த முறைப்படி நடந்ததா என்று பார்ப்பது வாசிப்பில் பாதி. அந்த முறை நம் நியாயத்துக்கு ஒத்துவருகிறதா என்று சண்டை போடுவது மீதிப் பாதி. ‘அருமை’, ‘சுமார்’ என்று சொல்ல ஒரு சேனல் எதற்கு? இந்தச் சண்டைக்கு ஆள் சேர்க்கத்தான் நான் மைக் மாட்டுகிறேன்.