உபதேசியாரின் கணினி

கடந்த 2025-ஆம் ஆண்டு மழை தொடங்கும் நாட்களில் ஒரு காலை, திருப்பலி முடித்துக் கலசப்பாக்கத்தில் உள்ள நமது அலுவலக அறைக்குள் நுழைந்து கணினியைத் திறந்தோம். வழக்கமான நீலத்திரைக்குப் பதிலாக ஓர் அறிவிப்பு நின்றது. இக்கணினியை இயக்கும் விண்டோஸ் 10 என்னும் அமைப்புக்கு அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிகிறது என்பதே அதன் சாரம்.

வாசக அன்பர்களுள் பலருக்கும் இவ்வறிவிப்பு வந்திருக்கும். 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த அமைப்பு அது. பத்தாண்டுகள் உழைத்துவிட்டது. ஆதரவு முடிந்தால் இயந்திரம் நின்றுவிடாது, மறுநாளும் ஓடும். ஆனால் திருடர் நுழையக்கூடிய ஓட்டை ஒன்று புதிதாகக் கண்டறியப்பட்டால் அதை அடைக்க ஆள் வரமாட்டார்கள். ஓராண்டுத் தவணையாக, 2026 அக்டோபர் 13 வரை, பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு அந்தப் பாதுகாப்பை நீட்டிப்பதாகவும் நிறுவனம் அறிவித்திருந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும்; ஓரளவு புதிய மூளையும் வேண்டும். நமது கணினியோ 2016-இல் சென்னையில் பணிபுரியும் பங்கு மகன் ஒருவர் அன்பளித்தது. தகுதித் தேர்வில் தோற்றது. நகரத்துக் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டபோது, "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் சாமி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

தூக்கிப் போட நமக்கு மனம் வரவில்லை. காரணம் சிக்கனம் மட்டுமன்று.

அக்கணினியில் நமது உபதேசியாரின் ஐந்தாண்டு உழைப்பு இருந்தது. இளமையில் வேலூரில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்; பின்னர் அங்கேயே கணினித் தட்டச்சும் பழகியவர். திருமுழுக்குப் பதிவேடுகளைச் செல்லரிக்கும் முன் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று தாமாகவே தொடங்கினார். பழைய ஏடுகள் இலத்தீனில் இருந்தன. சூசையப்பரின் பெயர் தாங்கியவர்கள் எல்லாரும் அங்கே 'ஜோசபுஸ்'. மாலைதோறும் ஒரு மணிநேரம், மின்சாரம் இருந்தால், உட்காருவார். 2021-இல் பெருந்தொற்று அவரை அழைத்துச் சென்றது.

பதிவேட்டின் மூலநூல்கள் நம்மிடம் பத்திரமாகவே உள்ளன. பங்குதோறும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஏடுகளை வைத்துக் காக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் பிரிவு. பின் எதற்கு அச்சம் எனலாம். உபதேசியார் ஏட்டில் இல்லாத ஒரு பத்தியைத் தாமே சேர்த்திருந்தார். சவ்வாது மலைச் சிற்றூர்களில் அந்தோணிசாமி மகன் ஆரோக்கியசாமி ஒருவரா, இருவரா? ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தாம் கேட்டறிந்ததைக் குறித்து வைத்தார்: 'தந்தை தேன் எடுப்பவர்', 'சாமை வயல் வீடு', 'தாய் வேறூர்'. அது வேறெங்கும் இல்லை. "இதை இன்னொரு இடத்திலும் படியெடுத்து வைக்க வேண்டும் சாமி" என்று மூன்று முறையாவது சொன்னார். "பார்க்கலாம்" என்றோம். அவர் அடக்கத்துக்குப் பின் நாலு ஆண்டுகளும் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம்.

இங்கே ஒரு சிறு விலகல். அக்டோபர் 14 என்னும் தேதியைக் கண்டதும் குருமடத்தில் படித்த வரலாறு நினைவுக்கு வந்தது. ஜூலியன் நாட்காட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நிமிடம் பிசகிப் பிசகி, பதினாறாம் நூற்றாண்டில் பாஸ்கா விழாவைக் கணிப்பதே குழப்பமாகியிருந்தது. 1582-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் அதைத் திருத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. இடையிலிருந்த பத்து நாட்களும் இல்லவே இல்லை. அக்டோபர் 14-உம் இல்லை. அன்றிரவு காலமான அவிலா நகர்ப் புனித தெரேசாளை மறுநாள், அதாவது 15-ஆம் தேதி, அடக்கம் செய்தார்கள். பழைய கணக்கை விட மனமில்லாத இங்கிலாந்து 1752 வரை காத்திருந்தது. நாம் அந்த இங்கிலாந்துக்காரரைப் போலத்தான் இருந்தோம்.

நமது பங்கில் கல்லூரி பயிலும் ஒரு பெண்ணே வழி சொன்னாள். "ஃபாதர், லினக்ஸ் போட்டால் இதே கணினி இன்னும் பல வருடம் ஓடும், காசும் வேண்டாம்" என்றாள். அவளுடைய அண்ணனுக்கு அரசு தந்த மடிக்கணினியில் விண்டோசோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸும் இருந்ததாம், அதில் பழகியவள். 1991-இல் பின்லாந்து மாணவர் ஒருவர் தொடங்கி, உலகமெங்கும் உள்ளோர் சேர்ந்து வளர்த்த அமைப்பு அது. கோப்புகளை எல்லாம் முதலில் இரண்டு பென்டிரைவ்களில் படியெடுத்தாள். ஐந்தாண்டு உழைப்புக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நமக்கு வெட்கமாயிருந்தது.

புதிய அமைப்பு ஏறியது. உபதேசியாரின் கோப்பைத் திறந்தாள். திரை முழுதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாய்ச் சிதறிக் கிடந்தன. தமிழில் ஓரெழுத்தும் இல்லை. நாற்காலியில் அமர்ந்துவிட்டோம். அச்சகப் பழக்கத்தில் அவர் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தார். அவ்வகைப் பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை அமர்த்தியவை. நம் மெய்யெழுத்தின் புள்ளி, அங்கே அரைப்புள்ளியின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத இடத்தில் முகமூடி கழன்றுவிடும். அவள் சிரித்துக்கொண்டே எழுத்துருவைக் கொணர்ந்து நிறுவினாள். பெயர்கள் திரும்பி வந்தன.

பின்னர் அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றினோம். தமிழக அரசு 2010-இல் ஏற்றுக்கொண்ட முறை அது. எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே நிற்கும். மாற்றும் கருவி இங்குமங்கும் தடுமாறியதால், திருவருகைக்கால இரவுகளில் அவள் வாசிக்க, நாம் ஏட்டோடு ஒப்பிட்டோம். அவள் தாயும் உடனிருந்து கண்ணயர்வார்.

கிறிஸ்துமசுக்குப் பின், பெங்களூரில் கட்டட வேலை செய்யும் ஒருவர் திருமணத்திற்காகத் திருமுழுக்குச் சான்று கேட்டு வந்தார். பெயர் ஆரோக்கியசாமி, தந்தை அந்தோணிசாமி. ஒரே மலையூரில், ஒரே ஆண்டில், அப்பெயரில் இருவர். பிறந்த நாள் அவருக்குத் திட்டமாய்த் தெரியவில்லை. உபதேசியாரின் பத்தியைப் பார்த்துவிட்டு, "உம் தகப்பனார் என்ன வேலை செய்தார்?" என்று கேட்டோம். "தேன் எடுப்பார் சாமி. நான் சிறுபிள்ளையாயிருந்தபோதே போய்விட்டார். உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

திரையைத் திருப்பிக் காட்டினோம். எழுத்துக் கூட்டிப் படித்தார், மறுபடியும் படித்தார். நமது பழைய அச்சுப்பொறி புதிய அமைப்போடு இன்னும் சமாதானமாகவில்லை. ஆகவே சான்றிதழைக் கையாலேயே எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தோம்.