வத்தக்குழம்புப் புள்ளி

ஒரே ஒரு சொட்டு வத்தக்குழம்புதான். சங்க அகப்பாடல்களுக்கு ஒருவர் எழுதிய விளக்கவுரையின் இரண்டாம் மெய்ப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டியிலிருந்து தெறித்த சொட்டு, 'கலவி' என்ற சொல்லில் லகரத்தின் உச்சந்தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது. காய்ந்த குழம்புக்கும் என் சிவப்புப் பேனா மைக்கும் நிறத்தில் வித்தியாசம் கிடையாது. நான் கவனிக்கவில்லை. தட்டை ஒதுக்கிவிட்டுப் பக்கங்களைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பிவிட்டேன். பக்கம் வடிவமைக்கும் தம்பி நல்ல பையன். நான் வைத்த புள்ளி ஒன்றையும் விடமாட்டான். புத்தகம் அச்சாகி வந்தபோது, தினைப்புனத்துக்குப் பக்கத்தில், ஊரார் கண்ணில் படாமல், தலைவனும் தலைவியும் கல்வியில் திளைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாசகரும் கேட்கவில்லை. நல்ல விஷயம்தானே என்று விட்டிருப்பார்கள்.

இதைச் சொன்னால் கேட்கிற எல்லோரும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கிறார்கள். வேலைக்கென்று தனி அறை வை. அறையில்லாவிட்டால் தனி மேஜையாவது போடு. காலை பத்து மணிக்கு உட்கார், ஆறு மணிக்கு எழுந்துவிடு. ஐ.டி. கம்பெனியில் இருக்கும் என் நாத்தனார் மகன் 'ஒர்க்-லைஃப் பேலன்ஸ்' என்று ஆரம்பித்தான். தராசு என்றால் ஒரு தட்டில் கல், மறு தட்டில் பருப்பு என்று இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். அரிசியும் உளுந்தும் சேர்த்தரைத்துப் புளித்துப் பொங்கிய மாவைக் கொண்டுபோய், இதில் உளுந்து எவ்வளவு என்று எந்தக் கடைக்காரரிடம் கேட்பது?

கடைக்காரர் கேட்கமாட்டார், வருமான வரிக்காரர் கேட்பார். சில வருஷங்களுக்கு முன்னால் என் ஆடிட்டர் கேட்டார். அப்போது நடப்பிலிருந்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்கென்றே ஆகியிருக்க வேண்டும். சொந்தச் செலவு அதில் கலக்கக் கூடாது. குடியிருக்கும் வீட்டின் ஒரு பகுதியில் தொழில் நடந்தால் அந்தப் பகுதிக்கான பங்கைக் கழித்துக்கொள்ள அடுத்த பிரிவு இடம் கொடுத்தது. "வீட்டில் எந்தப் பகுதிம்மா?" என்றார். யோசித்தேன். ஒற்று மிகுமா மிகாதா என்று பெரும்பாலும் முடிவாவது குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது. அந்தாதி ஒன்றின் சந்தியைப் பிரித்தது மொட்டை மாடியில், துணி காயப்போடும்போது. நெருங்கிய உறவில் ஒரு சாவு வீட்டுக்குப் போனபோது 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டியில் இருந்த இரண்டு பிழைகள் தொண்டையில் நின்று என்னை அழவிடவில்லை. அந்த வீட்டின் எத்தனை சதுர அடியைக் கணக்கில் காட்டலாம் என்று ஆடிட்டரிடம் நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு ஆடிட்டர் கிடையாது. அவள் தீப்பெட்டி ஒட்டியவள்.

சிவகாசிக்கு ஒட்டினாற்போல் இருக்கும் திருத்தங்கல் எங்கள் ஊர். 1970களில் எங்கள் தெருவில் பெட்டி ஒட்டாத வீடு இல்லை. கம்பெனியிலிருந்து சீவிய மரத்தகடும் தாளும் கட்டுக்கட்டாக வரும். வெறும் பெட்டிகளாகத் திரும்பிப் போகும். கணக்கெல்லாம் குரோஸில்தான். 144 பெட்டி ஒரு குரோஸ். எனக்கு வாய்ப்பாடு வருவதற்கு முன்பே அந்த எண் வந்துவிட்டது. மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்தால் பசை. துத்தம் குறைந்துவிட்டால் பசைக்கும் ராத்திரி குடிக்கிற கூழுக்கும் பார்வைக்குப் பெரிய பேதமிருக்காது. அதனால் பசைச் சட்டியின் கழுத்தில் அம்மா ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் நடுவே இருந்த எல்லை அந்த நூல் ஒன்றுதான். அதைத் தாண்டினால் வாந்தியெடுக்க வேண்டியிருக்கும் என்பதால் எல்லோரும் மதித்தோம்.

மற்றபடி எல்லாம் கலந்துதான் கிடந்தது. தலை பின்னிய கையில் பசை, பசை தொட்ட கையில் என் தலை. யாராவது வந்தால் முதலில் தண்ணீர்ச் சொம்பு போகும், அடுத்து ஒரு கட்டுத் தாள். கேட்டுக் கொடுப்பதில்லை, கேட்டு வாங்குவதும் இல்லை. வந்தவர் பேசிக்கொண்டே மடிப்பார், ஒட்டுவார், அடுக்குவார். ஒருமுறை சாத்தூர் அத்தை வீட்டுப் பங்கு கேட்டுச் சண்டை போட வந்தாள். மதியம் வந்தவள் விளக்கு வைக்கும்வரை தாத்தாவிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக இழுத்து வைத்துத் திட்டினாள். கை மட்டும் நிற்கவில்லை. கடைசியில் மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் போய்விட்டாள். அம்மா கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு அத்தை இருந்த இடத்துக்கு நகர்ந்து எண்ண ஆரம்பித்தாள். "கோவத்துலயும் ரெண்டு குரோஸ் ஒட்டிட்டுப் போயிருக்கா. சிலதுதான் கோணல்."

கோணியிருந்தால் கம்பெனியில் கழித்துவிடுவார்கள். அம்மா உட்கார்ந்து சிலதைச் சரிசெய்தாள். அத்தைக்கும் அவளுக்கும் பேச்சு வர எட்டு வருஷம் ஆனது.

நான் இதையெல்லாம் பொற்காலமாக்கிவிடக் கூடாது. பசையில் ஊறி ஊறி அவள் விரல்நுனிகள் வெடித்திருக்கும். புளி கரைக்கும்போது முகத்தைச் சுளிப்பாள். பரீட்சை நாளிலும் ஒரு குரோஸ் முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம். இப்போது பெட்டிகள் அட்டையில் வருகின்றன, இயந்திரம் மடிக்கிறது. 2021 டிசம்பரில் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாயானபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி, "ஒட்டுறவங்களுக்கு எவ்வளவு?" என்பதுதான். ஒட்ட ஆளே இல்லை என்றேன். நம்பாமல் பார்த்தாள்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே வீடும் தொழிலும் இப்படிக் கலந்து கிடந்ததை எழுதியிருக்கிறார் என்பது போன மாதம்தான் என் கண்ணில் பட்டது. வேறொரு மெய்ப்பு, ராத்திரி பதினொன்றரை மணி. புறநானூற்றில் 326ஆம் பாட்டு. பாடியவர் பெயர் தங்கால் பொற்கொல்லனார். அந்தத் தங்கால் திருத்தங்கல்தான் என்கிறார்கள். யாராவது மறுத்தாலும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பொற்கொல்லர் என்பது பட்டமில்லை, தொழில். சங்கப் புலவர்களில் இப்படி நிறையப் பேர் உண்டு. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தானியம் விற்றவர், அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர், உறையூரில் மருத்துவன் தாமோதரனார். கடையைச் சாத்திவிட்டு வந்து எழுதினார்களா, கல்லாவில் உட்கார்ந்தபடியே எழுதினார்களா, தெரியாது. பெயரிலிருந்து கடையைக் கழற்றி வைக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

பாட்டு ஒரு மறவர் வீட்டைப் பற்றியது. வீரத்தைச் சொல்ல வந்த மனுஷர் எங்கிருந்து ஆரம்பிக்கிறார் என்றால், ஒரு கோழியிலிருந்து. ராத்திரி. பழைய வேலியோரமாகக் காட்டுப்பூனை பதுங்கிப் பதுங்கி வருகிறது. இளம்பேடை ஒன்று உயிர் பதறிக் கத்துகிறது. அந்த நேரத்தில் ஒருத்தி விழித்திருக்கிறாள். பருத்திப் பெண்டு. பஞ்சிலிருக்கும் தூசு துரும்பைப் புடைத்தெடுக்க எழுந்தவள், சின்னதாக ஒரு விளக்கு ஏற்றியிருக்கிறாள். அந்த வெளிச்சத்தில் பேடை தன் சேவலைப் பார்த்துவிடுகிறது, முள்முருங்கைப் பூப்போன்ற அதன் கொண்டையோடு. பதற்றம் அடங்கிவிடுகிறது.

அவள் கோழிக்காக விளக்கு ஏற்றவில்லை. கோழி கத்தியதை அவள் கவனித்தாளா என்றுகூடப் பாட்டில் இல்லை. அவளுக்கு விடிவதற்குள் பஞ்சு முடிய வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வீட்டுக்காரி வருகிறாள், உடும்புக்கறி வருகிறது, தயிரில் ஆக்கிய கூழ் வருகிறது, பாணர்களுக்கு விருந்து நடக்கிறது. கடைசியில் வீட்டுத் தலைவன். போர்க்களத்து யானையின் நெற்றிப் பட்டமான ஓடையைப் பரிசாக அள்ளிக் கொடுப்பவன் அவன். ஓடை எப்படிப்பட்டது? பொன்னால் செய்தது. கோழி, பூனை, பஞ்சு, உடும்பு என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் பாட்டு பொன்னில் வந்து முடிகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டறைக்காரர் வேறு எங்கே போய் முடிப்பார்? யானை சாய்ந்தாலும் கண் நெற்றிப் பட்டத்தின் மேல்தான். சாவு வீட்டுச் சுவரொட்டியில் நான் ஒற்றுப்பிழை பார்த்த மாதிரி.

அம்மாவின் அறுபது வாட் பல்புக்குக் கீழே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து படிப்பார்கள். என் மேஜை விளக்கைப் போட்டால் வீடு காலியாகிறது. கணவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு உள்ளறைக்குப் போகிறார். மகன் பூனை மாதிரி நடக்கிறான். அக்கா போன் செய்தால், "வேலையா இருக்கியா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாள். அந்த அப்புறம் வருவதில்லை. வீட்டு நடுவே, சாப்பாட்டு மேஜையில், எல்லோருக்கும் எதிரே உட்கார்ந்துகொண்டு நான் ஒரு அலுவலகத்தைவிட மோசமாகக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது? வந்தவர் கையில் ஒரு கட்டு ஒற்றுப்பிழையைக் கொடுத்து, பேசிக்கொண்டே திருத்துங்கள் என்று சொல்ல முடியுமா? சாத்தூர் அத்தை உயிரோடிருந்து இங்கே சண்டைக்கு வந்தால், எட்டு வருஷப் பகை மட்டும்தான் மிஞ்சும்.

அம்மா மட்டும் வருகிறாள். எண்பது வயது, தூக்கம் பிடிப்பதில்லை. வெளிச்சம் தெரிந்தால் எழுந்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்வாள். "இன்னும் முடியலையா தாயி?" என்பாள். "நீ போய்ப் படும்மா" என்பேன். போகமாட்டாள். கை சும்மா இருக்காது. முடிந்துபோன மெய்ப்புத் தாள்களை எடுத்து மடிக்க ஆரம்பிப்பாள். உள்பெட்டி, மேல்பெட்டி, ஒன்றுக்குள் ஒன்று இழுபடுகிற மாதிரி. பசையே வேண்டியதில்லை, மடிப்பிலேயே நிற்கும். எங்கள் சமையலறையில் ஏலக்காய் ஐங்குறுநூற்றில் இருக்கிறது. கிராம்பு இருக்கும் பெட்டி யாரோ ஒருவரின் தன்வரலாறு.

போன வாரம் காலையில் எழுந்து பார்த்தால் மேஜையில் ஒன்பது புதுப் பெட்டிகள். ஒன்றைப் பிரித்தேன். என் சிவப்பு மை. நான் இன்னும் அனுப்பாத பக்கங்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து, இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடாக்கித் தேய்த்து, படம்பிடித்து அனுப்பினேன். பதினோரு மணிக்குத் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, 92ஆம் பக்கத்துல நடுவுல ஒரு வரி மேல நீளமா கோடு போகுதே, அந்த வரியை அடிச்சிடவா?"

"அது எங்கம்மா போட்ட மடிப்புப்பா. விட்டுடு" என்றேன்.