முதல் பில்

அமெரிக்காவில் குய் டாம் வழக்குகளுக்கு ஆவணம் கட்டித் தருவது என் தொழில். அரசுப் பணத்தை ஏமாற்றி வாங்கும் நிறுவனத்தின் மீது, உள்ளே வேலை பார்ப்பவரே அரசின் சார்பில் வழக்குப் போடலாம். உள்நாட்டுப் போரில் ராணுவத்தின் தலையில் மட்டச் சரக்கைக் கட்டிய ஒப்பந்தக்காரர்களைப் பிடிக்க, 1863இல் வந்த சட்டம். இன்று என் மேஜைக்கு வருவதில் பெரும்பகுதி அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குப் போட்ட பில்கள்.

வருகிறவர்கள் கொதித்துப்போய்த்தான் வருவார்கள். "அங்கே எல்லாமே திருட்டு" என்பார்கள். எனக்குத் தொழில் கற்றுத்தந்த மூத்த வழக்கறிஞர் அதை முழுக்கக் கேட்டுவிட்டு, வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு ஒரே ஒரு பில்லைப் பற்றி மட்டும் விசாரிப்பார். என்ன தேதி? டாக்டர் எத்தனை நிமிடம் பார்த்தார்? 99213 என்ற கட்டணக் குறியீடு போட வேண்டிய இடத்தில் அதைவிடக் கூடுதல் கட்டணமுள்ள 99215 போடச் சொன்னது யார், வாய்வார்த்தையாகவா மின்னஞ்சலிலா? யார், எப்போது, எங்கே, எப்படி என்று எழுதாத மோசடி மனுவை நீதிமன்ற நடைமுறையின் 9(பி) விதியைக் காட்டித் தள்ளிவிடுவார்கள். அந்த ஒரு பில்லுக்கே மதியம் முழுக்கப் போய்விடும். அது நின்றுவிட்டால் மற்றவை தானாக வரிசைக்கு வரும். அரசுக்குக் கொடுக்க நான் எழுதிக்கொண்டு போகும் அறிக்கையில் 'அப்பட்டமான', 'வெட்கமில்லாத' என்று எது கண்ணில் பட்டாலும் பென்சிலால் அடித்துவிடுவார். அரசு வக்கீல் முதலில் படிப்பது அந்த அறிக்கையைத்தான்.

ஆதாரத்துக்கு, வருகிறவர் வேலையின் போக்கில் தன் கைக்கு வந்த காகிதம் போதும். ஒருவர் பென் டிரைவ் நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். கம்பெனி வக்கீல்களின் கடிதங்களும் அதில் இருக்கலாம் என்று மூத்தவர் அதைத் தொடவே இல்லை. வெளி வக்கீல் ஒருவர் வடிகட்டித் தந்த பிறகே பார்த்தார். அதற்காக மாதக்கணக்கில் சேகரித்துக்கொண்டும் இருக்க முடியாது. அதே மோசடியை இன்னொருவர் முந்திப் பதிந்துவிட்டால் நம் வழக்கு நிற்காது.

மனு சீலின் கீழ் பதிவாகும், எதிர்த்தரப்புக்குத் தெரியாது. சீலுக்குச் சட்டத்தில் 60 நாள் என்றுதான் இருக்கிறது. அரசின் நீதித்துறை நீட்டிப்புமேல் நீட்டிப்பு வாங்க, வருடங்கள் ஓடும். ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தின் மீது அதன் முன்னாள் ஊழியர் தினேஷ் தாக்கூர் 2007இல் போட்ட வழக்கு, குற்ற அபராதமும் சேர்த்து 50 கோடி டாலரில் 2013இல்தான் முடிந்தது. சீல் நீங்கும்வரை வழக்கைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது. அதே மேலாளர் முகத்தில்தான் தினமும் விழிக்க வேண்டும். பழிவாங்கினால் வேலையும் இரட்டிப்புச் சம்பளப் பாக்கியும் கேட்கலாம். ஆனால் அந்தத் துறையில் அடுத்த வேலை கிடைக்குமா என்ற கவலைக்குச் சட்டத்தில் மருந்து இல்லை. வருகிறவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அரசு வழக்கில் சேர்ந்தால், மீட்ட பணத்தில் 15 முதல் 25 சதவீதம் வழக்குப் போட்டவருக்கு. சேராவிட்டால் 25 முதல் 30. பெரும்பாலான வழக்குகளில் அரசு சேர்வதில்லை. எதுவுமே கிடைக்காமலும் போகலாம். பங்கு எவ்வளவு என்று கேட்கும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும்.

சீல் காலத்தில் மாதம் ஒருமுறை அவரைக் கூப்பிடுவேன். பெரும்பாலும் சொல்ல ஒன்றும் இருக்காது. அங்கே யாராவது வேலையை விட்டார்களா, பில் போடும் முறை மாறியதா என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன். இந்தப் போனை வேறு யார் தலையிலும் கட்டாமல் நீங்களே போடுங்கள்.